நான் எழுந்து சென்ற மேசை



இந்த வாரத் தியானத்தை ஓர் அறிக்கையோடு தொடங்குகிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு, நம் சபையின் வாலிபர்கள் அமர்ந்திருந்த ஓர் உணவு மேசையை விட்டு நான் எழுந்து சென்றேன். அவ்வாறு சென்றிருக்கக் கூடாது.

அன்று ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாலிபர்கள் என்னை மதிய உணவுக்கு அழைத்தார்கள். ஸ்காபரோவில் நம் ஆராதனை மண்டபத்துக்கு அருகே வியட்நாம், தாய்லாந்து உணவுகளை விற்கும் சிறிய உணவகம் ஒன்று இருக்கிறது. ஆடம்பரம் ஏதும் இல்லை. பத்துப் பன்னிரண்டு மேசைகள். ஒவ்வொன்றிலும் உண்ணும் குச்சிகள், கரண்டிகள், சுவைச்சாறுப் போத்தல்கள். அமர்ந்தவுடன் கேட்காமலே சூடான தேநீர் வருகிறது. வாசலுக்குள், தரையின் மேல், சிவப்பு வண்ணம் பூசிய சிறு பீடம் ஒன்று உண்டு. அதனுள் இரண்டு உருவங்கள், எரியும் ஊதுபத்திகள், சில தோடம்பழங்கள், ஒரு சிறு கோப்பையில் காப்பி. வியட்நாமியர் நடத்தும் பல கடைகளில் இதைக் காணலாம். ஒன்று செல்வத்தின் தெய்வம், மற்றொன்று நிலத்தின் தெய்வம் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

வாகனத்தை நிறுத்திவிட்டுக் கடைசியாக வந்த சகோதரர் ஒருவர் அந்தப் பீடத்தைக் கண்டார். வாசலிலேயே நின்று, பேய்களுக்குப் படைக்கிற இடத்தில் விசுவாசி கைநனைக்கலாகாது என்று உரத்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். உணவுப் பட்டியலோடு எங்களிடம் வந்துகொண்டிருந்த பெண்மணி அதைக் கேட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒன்றும் பேசாமல் பட்டியல்களை மேசையில் வைத்துவிட்டு உள்ளே சென்றார்.

சகோதரர் வெளியேறினார். நானும் எழுந்தேன். "நீங்கள் சாப்பிடுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அவரோடு சென்று வேறோரிடத்தில் உண்டேன். சபையின் சமாதானத்தைக் காத்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஒரு மகள் என்னிடம் வந்து கேட்டாள்: "பாஸ்டர், அங்கே நாங்கள் சாப்பிட்டது பாவமா? பாவமென்றால் எங்களை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்? பாவமில்லையென்றால் நீங்கள் ஏன் எழுந்து போனீர்கள்?"

அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தச் சகோதரரோடு பேசி, அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இக்கேள்வி நமக்குப் புதிதாயிருக்கலாம்; திருச்சபைக்குப் புதிதன்று. கொரிந்து பட்டணத்து விசுவாசிகள் இதே கேள்வியோடு போராடினார்கள். அங்கே சந்தையில் விற்ற இறைச்சியில் ஒரு பகுதி கோவில் பலிகளிலிருந்து வந்தது. பவுல் அப்போஸ்தலன் தம் முதலாம் நிருபத்தின் எட்டாம், பத்தாம் அதிகாரங்களில் கொடுக்கும் ஆலோசனை நுட்பமானது. விக்கிரகத்தின் கோவிலில் நடக்கும் விருந்தில் பங்குகொள்ளாதிருக்க வேண்டும். சந்தையில் விற்பதை விசாரணையின்றி வாங்கி உண்ணலாம். அவிசுவாசி ஒருவர் அழைத்தால் அவர் வைப்பதை உண்ணலாம். ஆயினும் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சுட்டிக்காட்டினால், அவருடைய மனச்சாட்சியின் நிமித்தம் தவிர்க்க வேண்டும்.

இந்த அளவுகோலை நம் மேசையில் வைத்துப் பார்ப்போம். அந்த உணவகம் கோவில் அன்று. பீடத்தில் இருப்பது வேறு, அடுக்களையிலிருந்து நமக்கு வருவது வேறு. நாம் உண்பதற்கு விலை கொடுக்கிறோம். யாரும் நம்மை வணங்கச் சொல்வதில்லை. ஆகவே அங்கே உண்பது பாவம் அன்று என்பதே என் தெளிவான கருத்து. பீடத்தில் வைத்த பழத்தை அன்பின் நிமித்தம் ஒருவர் நமக்கு நீட்டினால், நன்றி சொல்லிப் பணிவோடு மறுக்கலாம். இதற்குமேல் அங்கே விசுவாசத்துக்குச் சோதனை ஏதும் இருப்பதாக நான் காணவில்லை.

அப்படியானால் அந்தச் சகோதரர் செய்தது தவறா? உண்ணாதிருந்தது தவறன்று. அவர் மனச்சாட்சி இடங்கொடாத உணவை அவர் உண்ண வேண்டியதில்லை. அவரை ஏளனம் செய்ய நம் வாலிபர்களுக்கும் உரிமை இல்லை. தனக்காக அன்னத்தைச் சமைத்து நிற்கும் ஒருவரின் வீட்டு வாசலில் நின்று அவரை இழிவாகப் பேசியதுதான் தவறு. பவுல் விக்கிரகத்தைக் குறித்து எழுதினார். இறைச்சி விற்றவனை அவமதிக்கச் சொல்லவில்லை.

என் தவறு வேறு வகையானது. புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தபோது பயந்து விலகினார் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. வேதாகமக் கல்லூரியில் அந்த நிருபத்தை மூலமொழியில் வாசித்தவன் நான். அதைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்தவனும் நான். உண்பதில் பாவமில்லை என்று அறிந்திருந்தும் எழுந்தேன். அது மனச்சாட்சியன்று, மனிதருக்குப் பயந்த பயம். பிள்ளைகள் அதைக் கண்டுகொண்டார்கள்.

பிரியமானவர்களே, அந்தப் பெண்மணியைப் போன்றோர் இந்நகருக்கு எவ்வாறு வந்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1975-இல் வியட்நாம் போர் முடிந்தபின் லட்சக்கணக்கானோர் படகேறினார்கள். அப்படகுகள் பல கடற்கொள்ளையருக்கு இரையானது தாய்லாந்து வளைகுடாவில்தான். தப்பியவர்களில் பலருக்கு முதல் தஞ்சம் கிடைத்ததும் தாய்லாந்தின் முகாம்களில்தான். 1979, 1980 ஆண்டுகளில் கனடா, வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாடுகளிலிருந்து ஏறக்குறைய 60,000 பேரை ஏற்றுக்கொண்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பொறுப்பேற்றவர்கள் சாதாரணக் குடும்பங்களும் திருச்சபைகளும். இதற்காக 1986-இல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு நான்சன் பதக்கத்தைக் கனடிய மக்களுக்கே வழங்கியது.

அதே 1986-ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நியூஃபவுண்ட்லாந்து கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150-க்கும் மேற்பட்டோரை மீனவர்கள் மீட்டார்கள். அவர்கள் நம் இலங்கைத் தமிழர்கள். அவர்களுக்கு முன்பு இதே வழியில் வந்தவர்களுக்கு இந்நாடு கதவைத் திறந்திருந்தது. நம் சபையில் இந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையில்லை. பலர் அதை உடலில் சுமக்கிறீர்கள். அகதியாய் வந்த நாம், நமக்கு முன்னே அகதியாய் வந்தவரின் வாசலில் நின்று அவரைத் தாழ்த்திப் பேசினோம் என்பதே என்னை உறுத்துகிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை என் மனைவியோடும், கேள்வி கேட்ட அந்த மகளோடும் அதே உணவகத்துக்குச் சென்றேன். தலைகுனிந்து ஜெபித்துவிட்டு உண்டோம். ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப் வந்தது. மாட்டெலும்பைக் கறுவா, அன்னாசிப்பூ, கராம்பு சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாறு. அதில் அரிசி நூடுல்ஸ். பக்கத்துத் தட்டில் முளைத்த பயறு, துளசி வகை இலை, தேசிக்காய், மிளகாய். அதன் மணம் நம் வீட்டுச் சமையலறையை நினைவூட்டியது என்றாள் என் மனைவி. இந்த உணவும் இடம்பெயர்ந்த உணவே. 1954-இல் வியட்நாம் இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்கே ஓடிய லட்சக்கணக்கானோர் இதைத் தங்களோடு எடுத்துச் சென்றார்கள். அவர்களில் மிகப் பலர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பிற்பாடு கடல் கடந்தபோது இதுவும் கடல் கடந்தது. மகள் கேட்ட தாய்லாந்துச் சூப்பில் எலுமிச்சைப் புல்லும் பேரரத்தையும் மணத்தன.

பணம் செலுத்தும்போது அந்தப் பெண்மணியிடம், அன்று எங்களில் ஒருவர் பேசியதற்கும் நான் மௌனமாயிருந்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பிள்ளைகள் கடைசிவரை இருந்து சாப்பிட்டார்கள், நல்ல பிள்ளைகள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் வெட்கப்பட்டேன். என் மந்தைக்கு நான் செய்யத் தவறியதை மந்தை தானே செய்திருந்தது.

சகோதரருக்கு இன்னும் அங்கே உண்ண மனதில்லை. நான் வற்புறுத்தவில்லை. ஆனால் தாம் பேசிய விதத்திற்காக வருந்துகிறார். அவருக்காக ஜெபியுங்கள், எனக்காகவும் ஜெபியுங்கள்.

இனி ஆராதனைக்குப் பின் எங்கே உணவருந்தச் சென்றாலும் சிலவற்றைக் கைக்கொள்வோம். ஜெபித்து உண்போம். உண்ணாதவரை இகழாதிருப்போம்; உண்கிறவரையும் நியாயந்தீர்க்காதிருப்போம். பரிமாறுகிறவரை மரியாதையோடு அழைத்து, நன்றி சொல்லி, கொடுக்க வேண்டியதைக் குறைவின்றிக் கொடுப்போம். ஞாயிறு மதியம் நம்மைப் பார்க்கிறவர்கள், நாம் காலையில் எங்கே இருந்தோம் என்பதை அறிந்தே பார்க்கிறார்கள்.

ஜெபம்: எங்கள் பிதாவே, பயத்தினால் எழுந்து சென்ற வேளைகளை எங்களுக்கு மன்னியும். பிறருடைய மேசையில் அமரும்போது தாழ்மையையும், எங்கள் மேசையில் பிறருக்கு இடங்கொடுக்கும் மனதையும் தாரும். அந்நியராய் வந்த எங்களை இந்நாட்டில் போஷித்து வருகிறவர் நீரே. இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.