எந்த இரண்டாம் பாகம் நல்ல பாகம்?

குட்டீஸ்! போடியில் பேரப்பிள்ளைகளோடு ஒரே மாலையில் டிவியில் இரண்டு படம் பார்த்தேன். ராஜமௌலியின், 'பாகுபலி 2' (2017), ஷங்கரின், '2.0' (2018). இரண்டுமே இரண்டாம் பாகங்கள். 'எது சிறந்தது?' என்று வீட்டில் பட்டிமன்றமே நடந்தது.

கதைக்கு என் மதிப்பெண், 'பாகுபலி'க்கே! கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார் என்ற கேள்வியோடு 2015ல் முதல் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகம் அதற்கு முழுமையாக விடை சொன்னது. '2.0' படத்திலோ, 2010ல் வந்த, 'எந்திரன்' படத்தின் சிட்டி ரோபோ, வேறொரு புதுக்கதைக்காகத் திரும்ப வந்தது.

ஆனால், என்னை யோசிக்க வைத்தது, '2.0' தான். பறவைகளுக்காகப் பரிந்து பேசிய படம் அது. மொபைல் கோபுரக் கதிர்வீச்சால் பறவைகள் கூட்டமாகச் சாவதாக அதில் காட்டுகின்றனர். அறிவியல் அதை உறுதி செய்யவில்லை. மரங்களை வெட்டுவதும், பூச்சிமருந்தும் பறவைகளைக் குறைக்கும் என்பதோ உறுதியான செய்தி.

நம் போடிமெட்டுப் பக்கம் ஏலச்செடி நிழலில்தான் வளரும். அந்த நிழல் தரும் மரங்களே பறவைகளுக்கும் வீடு. மரம் போனால், இரண்டுக்கும் ஆபத்து.

படத்தைக் கைதட்டி ரசியுங்கள். அதில் வரும் அறிவியலை மட்டும் உங்கள் ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள், செல்லங்களே!