‘இடப்பெயர்வு’ என்றொரு பொய்

2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்தது என்றது படைத்தரப்பு. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதை ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியமில்லையென விடுவிக்கப்பட்டனர்.

தமிழ் இளைஞன் என்றால் கையில் குண்டு இருக்கும் என்ற முன்முடிவுதான் அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுத்தது. சாம்பல்தீவில் இதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே வீதியில் வடக்கே சென்றால் நிலாவெளி, இக்பால் நகர், இறக்கக்கண்டி என முஸ்லிம்களும் வாழும் ஊர்கள் வரும். அங்கே நின்று நமது பத்திரிகைத் தமிழை வாசித்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். நாம் எழுதியதோ ‘முஸ்லிம்களின் இடப்பெயர்வு’. வெள்ளம் வந்து ஊர் பெயர்ந்தது போல! விரட்டியவன் எங்கே? வசனத்திலேயே இல்லை. (நானும் அப்படி எழுதியவன்தான்.)

“அதற்குக் காரணங்கள் இருந்தன” என்று இன்றும் வாதிடும் அன்பர்களே, அந்தக் கடற்கரைக் கொலைக்கும் ஒரு காரணம் சொன்னார்களே, அதை ஏற்பீர்களா?