இன்ஜின் ஆயில் மாத்துன தேதி ஞாபகம் இருக்கு... ஃபோர்க் ஆயில் மாத்துன தேதி?

பைக் வைத்திருப்பவர்களிடம் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால் புள்ளி வைத்துச் சொல்வார்கள். இன்ஜின் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதும் நினைவில் இருக்கும். ஆனால் முன் ஃபோர்க்கில் இருக்கும் ஆயிலைப் பற்றிக் கேட்டால், "அதுல ஆயில் இருக்கா?" என்ற கேள்விதான் பல நேரம் திரும்பி வரும்.

இருக்கிறது. அந்த ஆயில் கெட்டுப்போனால் வண்டி நின்றுவிடாது, மைலேஜ் குறையாது, மீட்டரில் லைட்டும் எரியாது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. சஸ்பென்ஷன் என்றாலே முதுகுவலி, சொகுசு என்று மட்டும் நினைப்பது தவறு. பிரேக், டயர் மாதிரியே அதுவும் ஒரு பாதுகாப்புப் பாகம். சர்வீஸ் சென்டர்களும் அதை அப்படித்தான் நடத்த வேண்டும்.

ஃபோர்க் என்ன வேலை செய்கிறது?

ஹேண்டில்பாருக்குக் கீழே முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இறங்கும் குழாய்கள்தான் ஃபோர்க். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வழுக்கி ஏறி இறங்கும். உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும் இருக்கும்.

பள்ளத்தில் விழும்போது அடியை வாங்குவது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் விட்டால் கட்டில் மெத்தை மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். சின்னச் சின்னத் துளைகள் வழியாக ஆயில் நெருக்கிப் பாயும்போதுதான் அந்த ஆட்டம் அடங்குகிறது. ஸ்பிரிங் வாங்கும், ஆயில் அடக்கும். அவ்வளவுதான் கணக்கு.

ஆயில் பழசானால் அதன் பாகுத்தன்மை குறையும், உலோகத் துகள்கள் சேரும். சீல் தேய்ந்திருந்தால் மழைக்காலத்தில் தண்ணீரும் உள்ளே போய் ஆயில் பால் மாதிரி வெளுத்துவிடும். அதன் பிறகு பிரேக் பிடித்தால் முன்பக்கம் குபுக்கென்று அமுங்கும். பள்ளத்தில் இறங்கினால் 'டொக்' என்று சத்தம் வரும். பலர் இதைக் கோன் செட் பிரச்சினை என்று நினைத்து அதை மாற்றிவிட்டு வருவார்கள். சத்தம் மட்டும் போகாது.

இதில் பாதுகாப்பு எங்கே வருகிறது?

125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் டயர் தரையில் அழுந்தி இருந்தால்தான் எந்த பிரேக்கும் வேலை செய்யும். ஃபோர்க் ஏற்கெனவே அடிவரை அமுங்கிவிட்டால், அடுத்த மேட்டை வாங்க இடம் இருக்காது. டயர் ஒரு கணம் துள்ளும். அந்தக் கணத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அத்தனைக்கும் ஃபோர்க் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு ஆபத்தான பயணத்தில், தரையோடு வண்டியை ஒட்டவைக்கும் பாகத்தைப் பல வருஷம் தொடாமல் ஓட்டுவது நியாயமா?

இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐஆர்சி 99 விதிப்படி வட்ட வடிவ வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். தெருமுனையில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் குட்டிச்சுவர்கள் எந்த விதியில் வருகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ரோடு சரியாகும் வரை அடியை வாங்கப்போவது ஃபோர்க்தான்.

'41 எம்எம் ஃபோர்க்' என்றால் என்ன?

விளம்பரத்தில் வரும் 41 மி.மீ. என்பது உள்குழாயின் விட்டம். குழாய் தடிமனாக இருந்தால் எளிதில் வளையாது. சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் நகரும் என்பது வேறு அளவு, அதற்குப் பெயர் டிராவல். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கில் முன் டிராவல் 130 மி.மீ. கரடுமுரடான பாதைக்கென வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்கில் 190 மி.மீ.

மூன்றாவது அளவுதான் முக்கியம், ஆனால் ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதன் பெயர் சேக். நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் அது. சாலையில் ஓடும் பைக்குக்கு மொத்த டிராவலில் ஏறக்குறைய 30 சதவீதம் அமுங்குவது சரி என்பது பொதுவான கணக்கு. 130 மி.மீ. டிராவல் என்றால் சுமார் 39 மி.மீ.

கொஞ்சம்கூட அமுங்காவிட்டால்தானே நல்லது என்று தோன்றலாம். அப்படியில்லை. பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டும். அதற்கு இடம் விட்டுவைப்பதுதான் சேக்.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

ஓர் இஞ்ச் டேப்பும் கூட இரண்டு பேரும் போதும்.

1. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். ஒருவர் பின்பக்கத்தை அழுத்தினால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் மேல் கிளாம்ப் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

2. ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஹெல்மெட்டோடு வழக்கம்போல உட்காருங்கள். பிரேக்கைத் தொட வேண்டாம். ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் அதே இடத்தை அளக்கட்டும்.

3. முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் சேக்.

குழாய்க்குள் உராய்வு இருப்பதால் ஒருமுறை முன்பக்கத்தை அழுத்தி விட்டும், ஒருமுறை லேசாகத் தூக்கி விட்டும் அளந்து சராசரி எடுப்பது நல்லது.

சாதாரண பைக்குகளின் முன் ஃபோர்க்கில் இதை மாற்றித் திருப்பிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் இருக்காது. அப்புறம் எதற்கு அளக்க வேண்டும்? போன வருஷம் 38 மி.மீ. இருந்தது இந்த வருஷம் 50 என்று காட்டினால், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். ஊகத்துக்குப் பதில் கையில் ஒரு எண் இருக்கும்.

பின் ஷாக் அப்சார்பரில் கதை வேறு. ஸ்ப்ளெண்டர் மாதிரி தினசரி பைக்குகளிலேயே 5 படி அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறது. வாங்கிய நாள் முதல் அதைத் திருப்பாதவர்கள்தான் அதிகம். பின்னால் ஆள் ஏறும்போது படியை ஏற்றாவிட்டால் வால் தாழும், முன்பக்கம் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஒரு விஷயம்: படியை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாவதில்லை. வண்டி தாழ்ந்துபோகாமல் உயரம் காக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

பராமரிப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

மாதம் ஒருமுறை வெள்ளைத் துணியால் ஃபோர்க் குழாயைத் துடையுங்கள். எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். தள்ளிப்போடக் கூடாது. அந்த ஆயில் வழிந்து டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. பேடில் ஊறிவிட்டால் பேடையே மாற்ற வேண்டும்.

சீல் மாற்றியும் மறுபடி கசிந்தால் குழாயில் துருப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன மேடு போதும், புது சீலைக் கிழித்துவிடும். கடற்கரைப் பக்கம் வண்டி நிறுத்துபவர்கள் குழாயைத் துடைத்து வைப்பது அதனால்தான் அவசியம்.

ஃபோர்க் ஆயிலுக்கு உங்கள் வண்டியின் மேனுவல்தான் வேதவாக்கு. அதில் இல்லையென்றால் 15,000 முதல் 20,000 கி.மீ. அல்லது இரண்டு வருஷம் என்பது மெக்கானிக்குகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மேனுவலில் சொன்ன கிரேடு, சொன்ன அளவு மட்டுமே ஊற்ற வேண்டும். 'கொஞ்சம் கூட ஊத்துனா ஸ்டிஃப்பா இருக்கும்' என்பார்கள். உள்ளே மேலே இருக்கும் காற்றிடமும் ஒரு ஸ்பிரிங்தான். அதை ஆயிலால் நிரப்பினால் அழுத்தம் ஏறி சீல்தான் போகும். மிச்சமிருக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றுவதும் அதே மாதிரி குறுக்குவழிதான்.

ஃபோர்க்கைக் கழற்றும் வேலையை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். மேல் மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், திறக்கும்போது முகத்தில் பாயலாம்.

யார் மாற வேண்டும்?

'ஆபீஸ் போற வண்டிக்கு இதெல்லாம் எதுக்கு, ரேஸா ஓட்டப்போறோம்?' என்ற கேள்வி வரும். உண்மையில் ரேஸ் பைக்கில் எப்போதும் ஒரே ஆள், வழவழப்பான டிராக். காலையில் ஒருவர், மாலையில் மனைவி, குழந்தை, காய்கறிப் பையோடு மூவர் என்று தினமும் எடை மாறுவது ஆபீஸ் வண்டியில்தான். முதுகில் பையோடு நாள் முழுக்கச் சுற்றும் டெலிவரி ஊழியருக்கு அந்த வண்டிதான் பிழைப்பு. அவருடைய ஃபோர்க் பலரைவிட வேகமாகத் தேயும். பல நேரம் செலவும் அவர் தலையில்தான்.

ஓட்டுபவரை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. சர்வீஸ் விடும்போது செயின், பிரேக், இன்ஜின் ஆயில் பற்றி யாராவது கேட்கிறார்கள். ஃபோர்க் பற்றிக் கேட்பவர் அரிது. ஜாப் கார்டில் மூன்று வரி சேர்த்தால் போதும்: முன் சேக் எத்தனை மி.மீ., சீல் கசிவு உண்டா, ஃபோர்க் ஆயில் கடைசியாக மாற்றிய கி.மீ. எவ்வளவு. டெலிவரி கொடுக்கும் நாளிலேயே பின் ஷாக்கை எப்படித் திருப்புவது என்று காட்டிக்கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகாது.

அதுவரை வாடிக்கையாளர்தான் கேட்க வேண்டும். அடுத்த சர்வீஸில் 'வாட்டர் வாஷ் உண்டா' என்பதோடு, 'ஃபோர்க் ஆயில் பாத்தீங்களாண்ணே, எடுத்த பழைய ஆயிலைக் காட்டுங்க' என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்குக் கேட்காமலே பார்த்துக் கொடுப்பார்கள்.