கடல் கடக்கும் தாயின் குரல்

துபாயிலோ தோகாவிலோ வேலைக்குப் போன பிள்ளை, தலையில் அடிபட்டு ஐ.சி.யூ.வில் கிடக்கிறான். அம்பத்தூர் வீட்டில் அம்மா செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கே நர்ஸ் அவன் காதருகே போனை வைத்திருக்கும் இரண்டு நிமிடத்துக்குள், "கண்ணு, அம்மா பேசறேன்டா" என்கிறார். பதில் இல்லை. மறுநாளும் அழைக்கிறார்.

அந்தப் பேச்சு வீண்போகாது என்றே நம்புகிறோம். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தார் பழைய சம்பவங்களைச் சொல்லிப் பதிவு செய்த குரலைத் தினமும் நான்கு முறை, ஆறு வாரம் கேட்ட, தலையில் அடிபட்டு நினைவிழந்தவர்களிடம் நினைவு திரும்புவதில் முன்னேற்றம் தெரிந்தது. வெறும் 15 பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனால் செலவில்லாத மருந்து.

ஆஸ்பத்திரி பில்லும் விமானச் செலவும் வேறு கதை. அதற்கு உதவ இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் சமூக நல நிதி இருக்கிறது. தமிழக அரசில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. இவற்றின் கதவை எப்படித் தட்டுவது என்பது ஆவடியில் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

ஊர் திரும்பிய பிறகுதான் நீண்ட போராட்டம். விழுங்கப் பழக வேண்டும், பேச்சு வர வேண்டும், காரணமில்லாமல் எழும் கோபத்தை மனைவி தாங்க வேண்டும். இதற்காகப் பூந்தமல்லியிலிருந்து கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம்வரை ஆட்டோவில் அலைய முடியுமா? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. பேச்சுப் பயிற்சியும் நினைவாற்றல் பயிற்சியும் அதே வண்டியில் வரட்டும்.