டப்பா பால் 'பாஸ்' ஆனால் போதுமா?

"டாக்டரய்யா, லேபுல சோதிச்ச பவுடர்தான? பொறவு எதுக்கு இம்புட்டுச் சூடா தண்ணி ஊத்தச் சொல்லுதீய? சத்து போயிராதா?"

2024-ல் எஸ்டேட் வேலை நின்றபின் மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பாட்டியம்மா கேட்டது. மடியில் இருபது நாள் பேத்தி. தாய்க்குப் பால் போதாததால் குழந்தை மருத்துவர் எழுதித் தந்த பவுடர். காலையில் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றிய தண்ணீர் மதியம் வெதுவெதுப்பாக இருக்கும், அதில்தான் கலக்குகிறார்களாம்!

சித்த வைத்தியனுக்கு லேப்பில் என்ன வேலை என்கிறீர்களா? பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்களுக்கும் நுண்ணுயிரியல் பாடம் உண்டு.

பால் பவுடரில் முக்கியமாகத் தேடுவது சால்மோனெல்லா, குரோனோபாக்டர் என்ற இரண்டு கிருமிகளை. பின்னது அபூர்வம்தான். ஆனால் இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கோ, குறைமாதக் குழந்தைக்கோ தொற்றினால் மூளைக்காய்ச்சல் வரை போகும்; உயிரையே பறிக்கும். உலர்ந்த பவுடரில் பல மாதம் செத்தது போலக் கிடக்கும். அதனால் லேப்பில் முதலில் அதற்கு மயக்கம் தெளிவிக்கிறார்கள்! 10 கிராம் பவுடரைச் சத்துநீரில் கரைத்து ஓர் இரவு உடல் சூட்டளவில் வைப்பார்கள். பிறகு மற்ற கிருமிகளை அடக்கும் கரைசல். அப்புறம் நிறம் காட்டும் தட்டு. நீலப்பச்சைப் புள்ளி முளைத்தால் சந்தேகம். மேலும் சோதித்து உறுதி செய்ய நாலைந்து நாளாகும். பி.சி.ஆர். முறை சீக்கிரம் சொல்லிவிடும், அதற்கும் முதலில் ஊறவைத்தே ஆகவேண்டும்.

சர்வதேச விதிப்படி குரோனோபாக்டருக்கு ஒரு தொகுப்பில் 30 மாதிரி, தலா 10 கிராம். ஒன்றில்கூட இருக்கக்கூடாது. சரி, மொத்தம் 300 கிராம்தானே! ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பீர்கள். பானைச் சோறு ஒரே சீராக வேகும். கிருமி சீராகப் பரவியிருக்காது, அங்கங்கே ஒட்டிக் கிடக்கும். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெரிய ஆலையின் பவுடர்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆலைக்குள் எடுத்த மாதிரிகளில் இதே குரோனோபாக்டர்!

ஆகவே பாட்டியம்மா, தாய்ப்பாலே முதல். முடியாத பட்சத்தில், தண்ணீரைக் கொதிக்கவைத்து அரை மணிக்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பவுடரைக் கலக்கணும். பாட்டிலைக் குளிர்ந்த நீரில் ஆற்றி உடனே புகட்டணும். மிச்சத்தைக் கொட்டிடணும். வைட்டமின் கொஞ்சம் குறையலாம், குறையட்டும். உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொன்ன முறை இது. சில டப்பாக்களில் இன்னும் 'இளஞ்சூட்டு நீர்' என்றே அச்சடிக்கிறார்கள். இதை மாற்றவேண்டும், 'கிருமி நீக்கப்பட்டதல்ல' என்று தமிழில் கொட்டை எழுத்தில் போடவேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் பக்கத்தையும் மறைப்பானேன்? உரை மருந்து இழைக்கும் கல்லை எந்த லேப்பும் பார்ப்பதில்லை. அந்தக் கல்லையும் கொதிநீரில் கழுவுங்கள். ஒரு வயதுக்குள் தேனில் மட்டும் குழைக்காதீர்கள்.