ஓரியின் மலையில் காகிதக் கோப்பைகள்

இலக்கியக் கூட்டங்களில் சூழலியல் பேசாதவரைக் காண்பது இப்போதெல்லாம் அரிது. ஐந்திணைக் கோட்பாடே தமிழரின் சூழலியல் என்று ஒருவர் தொடங்கினால் அரங்கு முழுவதும் தலையசைக்கிறது. அசைந்த தலைகளுள் என்னுடையதும் ஒன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்ற ஆண்டு கொல்லிமலையில் நடந்த இரண்டு நாள் இலக்கிய முகாமோடு அந்தப் பழக்கம் என்னை விட்டது.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, செம்மேட்டுக்கு அருகில் ஒரு விடுதியில் நாற்பது பேர் கூடினோம். வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் கொடை பற்றியும் கபிலரின் குறிஞ்சி பற்றியும் நல்ல உரைகள் நிகழ்ந்தன. அவற்றில் எனக்குக் குறையில்லை. ஆனால் நாளொன்றுக்கு நான்கு முறை தேநீர் வந்தது. நாற்பது பேருக்கு இரண்டு நாளில் 320 காகிதக் கோப்பைகள். உணவுக்குத் தட்டுகள் வேறு. வாழை விளையும் மலைக்குச் சமவெளியிலிருந்து காகிதத் தட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தோம்!

மறுநாள் விடியற்காலையில், சமையலுக்கு வந்திருந்த மலைவாழ் பெண்மணி ஒருவர் அவற்றைக் குவித்து விடுதியின் பின்புறம் எரித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா எரிக்கிறீங்க?" என்று கேட்டேன். "வேற எங்கங்க போடறது? சும்மா போட்டா மாடு தின்னுப்புடும்" என்றார். அந்தப் புகையைத் தாண்டித்தான் காலை அமர்வுக்குப் போனோம்.

"காகிதம்தானே, மக்கிவிடும்" என்றார் உடன் வந்த நண்பர். என் சண்டை இந்தச் சொற்றொடரோடுதான். வெறும் காகிதமாக இருந்தால் சூடான தேநீர் சிறிது நேரத்தில் கையில் ஒழுகியிருக்கும். ஒழுகாமல் காப்பது உள்ளே பூசப்பட்ட மெல்லிய நெகிழிப் படலம். தமிழக அரசு 2018 ஜூனில் அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த 14 பொருள்களில், நெகிழி பூசிய காகிதக் கோப்பையும் தட்டும் உண்டு. அதே பட்டியலில் நெய்யாத பையும் இருக்கிறது. துணிபோலத் தோன்றும் அது உண்மையில் பாலிபுரோப்பிலீன். ஒரு பாடபேதத்துக்காக ஒரு மாலை முழுவதும் வாதிடுகிற நாம், 'காகிதக் கோப்பை', 'துணிப்பை' என்னும் பெயர்களை மட்டும் ஓர் ஐயமுமின்றி ஏற்றுக்கொள்கிறோம்.

உண்மையான துணிப்பைக்கு வருவோம். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். நல்ல இயக்கம்தான். ஆனால் ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான், புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை, ஒருமுறை பயன்படுத்தி எறிந்த ஒரு நெகிழிப் பைக்கு அது ஈடாகும் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. கருத்தரங்குகளிலும் திருமணத் தாம்பூலத்திலும் கிடைத்த பைகளை என் வீட்டு அலமாரியில் எண்ணிப் பார்த்தேன்: இருபத்து மூன்று. கடைக்குப் போய் வருவன அவற்றில் இரண்டே. மற்றவை எறியப்படாமல் இருக்கின்றன, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் 'முன்னோர் வாழ்வுக்குத் திரும்புவோம்' என்ற குரல் எழும். எந்த முன்னோர்? எறிவது நம் மரபுக்குப் புதிதன்று. வாழை இலையும் தையல் இலையும் தொன்னையும் ஒரு வேளைக்கே உரியவை. அவை மண்ணுக்கோ மாட்டுக்கோ போயின என்பதே வேறுபாடு. கழுவிக் கழுவிப் பயன்பட்ட தம்ளரின் வரலாறோ அவ்வளவு தூய்மையானதன்று. தேநீர்க் கடையில் ஒருவர்க்குக் கண்ணாடித் தம்ளர், இன்னொருவர்க்குத் தனிக் குவளையோ கொட்டாங்குச்சியோ. அவர் குடித்ததை அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். எறியும் கோப்பை வந்தபோது அந்த அவமானத்திலிருந்து சிலர்க்கு விடுதலை கிடைத்தது. வேறு சில ஊர்களிலோ, தலித்துகளுக்கு மட்டும் எறியும் கோப்பை என்று இரட்டைக் குவளை முறை புதுவடிவம் பூண்டது. 'எச்சில்' என்ற சொல்லைத் தொடாமல் இந்த நாட்டில் ஒரு தம்ளரைப் பற்றிப் பேச முடியாது. பித்தளைக் குவளைக்காக ஏங்கிக் கவிதை எழுதும் நண்பர்கள் இதையும் எழுதட்டும்.

ஆகவே எவர்சில்வர் தம்ளர் திரும்ப வர வேண்டும் என்று நானும் சொல்கிறேன், இரண்டு நிபந்தனைகளோடு. எல்லார்க்கும் ஒரே தம்ளர். கழுவுவது யார் என்பது முன்கூட்டியே முடிவாக வேண்டும். முகாமில் தம்ளர் வைக்கலாமே என்று நான் கேட்டபோது, "நாற்பது பேர் தம்ளரை யார் சார் கழுவுவது?" என்றார் அமைப்பாளர் ஒருவர். நேர்மையான கேள்வி. கழுவினால் நம் கை நனையும். ஆகையால் மலைக்காரப் பெண்ணின் மூச்சில் புகையேற்றினோம். நாற்பது பேரில் இருவர் முறை வைத்துக் கழுவினால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை அது. அடுத்தவர்தான் கழுவ வேண்டுமென்றால் அதற்கு உரிய கூலி தரலாம். இரண்டில் எதையும் நாம் பேசவில்லை. குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களைப் பேசிக்கொண்டிருந்தோம்.

நீலகிரியில் 2022 மே மாதம், உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால், டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. ஒரு குடிகாரர் பத்து ரூபாய்க்காகச் செய்வதைச் சங்க இலக்கியம் கற்றவர்கள் இலவசமாகக்கூடச் செய்யவில்லை என்று நான் எழுதினால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும்.

இவ்வாண்டு முகாமுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. தலைப்பு 'சங்க இலக்கியமும் சுற்றுச்சூழலும்'. என் பெயருக்கு நேரே கட்டுரைத் தலைப்பைக் கேட்டிருந்தார்கள். கட்டுரை தருகிறேன், கூடவே தம்ளர் கழுவும் முறைப்பட்டியலில் முதல் நாள் காலைக்கு என் பெயரைப் போடுங்கள் என்று பதில் அனுப்பினேன். கட்டுரைத் தலைப்பு கிடைத்தது, நன்றி என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.