சதுரங்கப் பலகைக்கு எதற்கு அந்தப் பளபளப்பு?



நம் பழைய மாணவர் ஒருவர் ஈட்டியும் ரப்பர் மரமும் ஒட்டி, கையாலேயே சதுரங்கப் பலகை செய்து படம் போட்டிருக்கிறார். வேலை அருமை. கீழே பாதிப் பேர் "கண்ணாடி மாதிரி பி.யு. அடிங்க" என்று உசுப்பேற்றுகிறார்கள். வேண்டவே வேண்டாம்.

அது விளையாடுகிற பலகை, ஷோகேஸ் பொம்மை அல்ல. டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் பாருங்கள், கட்டம் தெரியாது, லைட்தான் தெரியும். மரப்பலகை மங்கலாக இருக்க வேண்டும், ஒருபோதும் மின்னக் கூடாது என்று ஃபிடே விதியே சொல்கிறது. கிழவன் பிடிவாதம் என்று தள்ளாதீர்கள்.

"பிரெஞ்சு பாலிஷ் போதுமே மாமா" என்கிறார் என் மருமகன். அரக்கு ஸ்பிரிட்டில் கரைவது மாப்பிள்ளை, ஈட்டியின் சாயமும் அப்படியே. துணியால் இழுத்தால் கருமை வெள்ளைக் கட்டத்துக்குள் ஓடும். அப்புறம் சுடு காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம். நம் வீடுகளில் டம்ளர் வைக்காத பலகை ஏது?

ஆளிவிதை எண்ணெய் என்றும் ஒருவர். வெள்ளைக் கட்டம் நாளாக நாளாக மஞ்சளாகும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போட வேண்டும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மறக்காதீர்கள்.

பி.யு.வே அடியுங்கள், ஆனால் 'மேட்' கேட்டு வாங்குங்கள். மெல்லிசாக, ஸ்பிரே கன்னில். அடிப்பதற்கு முன் டப்பாவை அடிவரை கலக்குங்கள், மினுமினுப்பை அடக்கும் பொடி அடியில்தான் தங்கியிருக்கும். கலக்காமல் அடித்துவிட்டு "சார், மேட்டுதான் வாங்கினேன், மின்னுதே" என்று என்னிடம் வராதீர்கள்.